என்சைம் ஜாஸ்தி

"பைத்தியத்த வெச்சிக்கினு எத்தினி நாளைக்குடா குடும்பம் நடத்துவ? பேசாம அரக்கோணத்துல அவ அம்மா வீட்ல விட்டுட்டு வா."

அக்கா சோபனா வாசலில் நின்று கத்தினாள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த தேவகிருபையின் காதில் விழட்டும் என்றேதான் கத்தினாள்.

"என் பொண்டாட்டிக்கு இப்ப சரியாயிடுச்சுக்கா. இன்னிக்கு டாக்டர்கிட்ட மாத்திரைய நிறுத்தச் சொல்லப் போறேன்," என்றான் சுந்தர்ராஜ்.

சொல்லும்போதே அவனுக்குத் தன் மேல் ஒரு மரியாதை வந்தது. வேறொருத்தனாக இருந்தால் அன்றைக்கே அவளை பஸ் ஏற்றியிருப்பான்.

அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் கை ரோமம் சிலிர்க்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், வீட்டின் பின்பக்கம் பேச்சுக் கேட்டு நின்றான். கிருபை யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது ஆண் குரல். தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கொழகொழவென்று ஒரு குரல். அது இவன் பெயரைச் சொல்லிச் சிரித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் மட்டும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லிலிருந்து சுவர் வரைக்கும் ஈரக் கால்தடம் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

"யார்கிட்டடி பேசின?"

"யாரும் இல்லீங்களே!"

ஒரு மாசம் தினமும், பட்டப்பகலில் அதே குரல். கடைசியில் அவளேதான் காட்பாடி டாக்டரிடம் போகலாம் என்றாள். சீட்டும் அவள் பெயரில்தான் போட்டார்கள். டாக்டர் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார், இவனிடம் இருபது கேட்டார்.

"மூளையில சேதி கொண்டுபோற ரசாயனங்கள் இருக்கு. அதை உண்டாக்குற, உடைக்கிற என்சைம்கள் ஏறுமாறா ஆனா, இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி தோணலாம். அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, அதுவும் ஒண்ணு."

சுந்தர்ராஜுக்குப் பளிச்சென்று புரிந்தது. டிரம்மில் தோலோடு என்சைம் பவுடர் போட்டுச் சுற்றுவதுதான் அவன் வேலை. கொஞ்சம் ஜாஸ்தியானால் தோல் அரித்துச் சல்லடையாகிவிடும். ஐயோ, கிருபையின் தலைக்குள்ளேயா அது சுற்றுகிறது? அன்று அவன் அழுதேவிட்டான்.

டாக்டர் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு வகை மாத்திரை கொடுத்தார். முழுங்குவதில் அவள் ஒரே அடம்.

"நீங்க எனக்கு விஷம் வெக்கிறீங்க. நீங்க மொதல்ல வெள்ளைய முழுங்குங்க, அப்பதான் நான் சிவப்ப முழுங்குவேன்."

டாக்டரும் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டார். புத்தி பேதலித்தவளிடம் நியாயம் பேச முடியுமா? ஆறு மாசமாக முழுங்கினான். குரலும் மெல்லத் தேய்ந்து நின்றுபோனது.

"இனிமே நிறுத்திடலாமா சார்?" என்று இன்று காட்பாடியில் டாக்டரிடம் கேட்டான்.

டாக்டர் கிருபையைப் பார்த்தார். அவள் "சொல்லிடுங்க சார்" என்றாள்.

"நிறுத்தக் கூடாது சுந்தர்ராஜ். சரி, அந்த ஆம்பளக் குரல் யாருக்குக் கேட்டுச்சு?"

"இவகூட பேசுனானே சார்..."

"கேட்டது யாருக்கு?"

"எனக்குத்தான்..." என்றான் சுந்தர்ராஜ். அந்தக் கால்தடமும் தன் ஒருவன் கண்ணுக்குத்தான் தெரிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"வெள்ளைதான் மருந்து. சிவப்பு வெறும் சத்து மாத்திரை. அப்பவே சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்க. இப்பதான் உங்களால கேட்டுக்க முடியும்."

அவன் மனைவியைப் பார்த்தான். ஆறு மாசமாகத் தெருப் பிள்ளைகள் இவளைக் கண்டால் ஓடினார்கள். சர்ச்சில் இவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"உன் பேர ஏன் கிருபை கெடுத்துக்கின?"

"டிரம்மு ஓட்றவருக்கு மூளை சரியில்லன்னு தெரிஞ்சா, ஷாப்புல மறுநாளே வெளிய அனுப்பிடுவாங்க," என்றாள் அவள், சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி. "நாளைக்கு அங்க யாராச்சும் கேட்டா, எம் பொண்டாட்டிக்கு இன்னும் சரியாவலன்னே சொல்லுங்க."