அனுமதிக்கப்பட்ட ஒன்று

கம்ப்யூட்டர் திரையில் இலவசம் என்று பச்சை எழுத்தில் மின்னியது.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எதையும் சும்மா தருகிறவனின் முகத்தை முதலில் பார்க்க வேண்டும். இதற்கு முகம் இல்லை. ஒரு கேடயப் படம்தான் இருந்தது. கேடயத்துக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் வாசலில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் தூக்குவாளிகளைத் திறந்து பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஒரு தடவை இட்லிக்குள்ளிருந்து பித்தளைத் திருகாணி எடுத்திருக்கிறார். திருகாணியை ஆபீசில் ஒப்படைத்தார். இட்லியை ஒப்படைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வாளி ஆடுகிற ஆட்டத்தை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவரும் அவரே.

அடுப்படியிலிருந்து செண்பகவல்லி குரல் கொடுத்தாள்.

"என்ன, போட்டாச்சா? பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து, மக கல்யாணப் போட்டோ பூராம் போயிருச்சாம்."

"விசாரிச்சுட்டுத்தான வேலைக்கு வைக்கணும்."

"மாப்பிள்ளையா பாக்கீக? வாச்மேன்தான?"

வைரஸ் பிடிக்கும் இலவச நிரல்களில் முதலாமவனை உள்ளே விட்டார்.

அவன் கால் வைத்ததும் மூலை முடுக்கெல்லாம் புகுந்து, கண் மூடித் திறப்பதற்குள் சிவப்பு விளக்கைப் போட்டான்.

உளவு நிரல் ஒன்று உள்ளது. இங்கே தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வெளியே அனுப்புகிறது. நீக்கலாமா?

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தாளிக்கும் சத்தம்.

முதலாமவனை வெளியே அனுப்பினார். "இவன் சரியில்லை, கண்டதையும் நோண்டுதான்," என்று அவள் காதில் விழும்படி சொன்னார்.

இரண்டாமவனும் அதையேதான் செய்தான். கூடுதலாக மணி வேறு அடித்தான். அவர் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அந்த உளவு நிரலை வைத்தவர் அவர்தான்.

அதுவும் இலவசம்தான்.

செண்பகவல்லி கம்ப்யூட்டர் பழகிய புதிதில், திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். போதாதா? அன்றே வைத்துவிட்டார். அவள் தட்டி முடித்ததும் எல்லாம் அவர் கைபேசிக்கு வந்துவிடும்.

மும்பை பக்கம் வசாயில் இருக்கும் தங்கை கோமுவுக்குத்தான் எழுதினாள். இருந்தாலும் அவர் விடவில்லை. கோமு என்கிற பெயரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

"கோமு, முழங்கால் வலி தாங்கலை. தைலம் தீந்துபோச்சு. இவுககிட்டச் சொன்னா வள்ளுனு விழுவாக."

மறுநாள் தைலத்தோடு வந்தார். தற்செயலாக அந்தக் கடை வழியாக வந்ததாகச் சொன்னார்.

"கோமு, என் புளிக்குழம்பைப் பத்தி இவுக ஒரு வார்த்தை சொல்லணுமே. ம்ஹூம்."

அடுத்த வேளையே புளிக்குழம்பைப் புகழ்ந்தார். அன்று அவள் வைத்திருந்தது ரசம்.

காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்டாட்டியின் மனதைப் படிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை ஜில்லாவில் தான் ஒருவன்தான் என்று அவருக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

அவளுக்குத் தெரிந்தால் தீர்ந்தது. தன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தார் என்பதற்காக, சொந்த அண்ணனோடு இன்றுவரை பேசாதவள் செண்பகவல்லி.

ஆகவே அவருக்கு வேண்டியது ஒரு தினுசான காவல்காரன். வெளியூர்த் திருடனை எல்லாம் பிடிக்க வேண்டும். வீட்டுத் திருடனை மட்டும் கண்டுகொள்ளக் கூடாது.

இரண்டாமவனும் வெளியேறியதும், திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கேடயம் தலைகாட்டியது. கம்ப்யூட்டர் வாங்கியபோதே கூட வந்தது. அவர் அதை ஒருநாளும் மதித்ததில்லை. கேட்காமலே வந்தது எதற்கு ஆகும்?

சும்மா தட்டிப் பார்த்தார்.

அது சத்தம் போடாமல் வீடு முழுக்கச் சுற்றி வந்தது.

ஆபத்து எதுவும் இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தார். இவன்தான் ஆள்.

பிறகு பழைய புத்தி வந்தது. மூக்குக்கு நேரே கிடப்பதைக் காணாதவன் குருடனா, கூட்டாளியா? மில்லிலும் அப்படித்தான். யாரையுமே பிடிக்காத வாட்ச்மேனின் வாளியைத்தான் அவர் முதலில் திறப்பார்.

இவனுடைய பதிவேட்டையும் திறந்தார். உள்ளே ஒரே வரி.

உளவு நிரல் ஒன்று கண்டறியப்பட்டது. இதைப் பயனர் அனுமதித்துள்ளார்.

பக்கத்தில் தேதி. அவர் அதை வைத்ததற்கு மறுநாள்.

அவர் அனுமதிக்கவில்லை.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

தாளிக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. செண்பகவல்லி முந்தானையில் கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எவனாவது தேறுனானா?"

"கூட வந்ததே போதும்."

"அதை இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீகளாக்கும். எந்திரிங்க, கோமுவுக்கு எழுதணும்."

எழுந்து இடம் விட்டார்.

வாசலில் போய் நின்றார். உள்ளே அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவது கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

எப்போதும் 'கோமு' என்றுதான் தொடங்கும்.

இன்று, 'ஏங்க' என்றிருந்தது.

மேலே படிக்கும் முன் அவர் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டார். யாராவது எட்டிப் படித்துவிடப் போகிறார்கள்.