பின்னால் வந்த காலடி

"திரும்பிப் பார்க்காம நட" என்றான் கணவன். மனித வாடையே இல்லாத மலைக்காட்டுப் பாதை. அவர்கள் நின்றால் பின்னால் வந்த காலடியும் நின்றது, நடந்தால் தொடர்ந்தது.

"இவ்வளவு நகையோட வந்தது தப்புங்க." புது மனைவி கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் மறைத்தாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்து ஓடினான். ஓடையைத் தாண்டிய பிறகுதான் காலடிச் சத்தம் அடங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

போன் அடித்தது. அவர்கள் தங்கியிருந்த விடுதியின் மேனேஜர்.

"எங்க சார் இருக்கீங்க? உங்க மாமனார் கேட்டுக்கிட்டபடி, உங்க கண்ணுல படாம ஒருத்தரைக் காவலுக்கு அனுப்பியிருந்தோம். உங்களைத் தவற விட்டுட்டாராம். பரவாயில்ல, ஓடையை மட்டும் தாண்டிடாதீங்க. அந்தப் பக்கம் குட்டியோட யானை நிக்குது."

மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. இந்த முறை முன்னாலிருந்து.