தண்ணீர்ச் சட்டியும் கேமராவும்

கோழிகளைச் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று கொல்லையில் கேமராவை மாட்டிவிட்டு வீட்டம்மா ஊருக்குப் போய் இரண்டு நாளாயிற்று. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது.

“நாக்கு வறண்டு கிடக்கிறோம். அம்மாகிட்ட சொன்னியா?” என்று கேமராவிடம் கேட்டது பெட்டைக்கோழி.

“காட்டினேன். காலிச் சட்டியை நீ கொத்துறது அழகா இருக்காம். நாலு பேருக்கு அனுப்பிட்டாங்க.”

கோழிக்கு ஆத்திரம் வந்தது. மேலே இருந்த கட்டையில் ஏறி, கேமராவின் கண்ணிலேயே எச்சமிட்டது.

ஐந்தே நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

“படம் தெரியலைன்னு போன் மேல போன்,” என்று முணுமுணுத்தபடி கேமராவைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார். சட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. வழிந்த தண்ணீர் கீழே குழியில் தேங்கியது. கோழிகள் வயிறு நிறையக் குடித்தன.

மறுநாள் உச்சி வெயிலில் பெட்டைக்கோழி மறுபடியும் கட்டையில் ஏறியது.

“கொஞ்சம் கண்ணை மூடிக்கோ,” என்றது.