காலை ஒன்பது மணி வகுப்பு

"ஆன்லைனும் வேணாம், ஒண்ணும் வேணாம். காலேஜுக்கே போய்ப் படி. சொன்னா கேளு."

அன்று மாலையில் கணவர் இதைச் சொல்வது நான்காவது தடவை. மேஜைமேல் இருந்த அவளுடைய போனில் கல்லூரி விண்ணப்பம் திறந்திருந்தது. புள்ளியியல் பாடத்தை வகுப்பறையில் படிக்கப்போகிறீர்களா, ஆன்லைனிலா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் இரண்டு வட்டங்கள். எட்டு மணிக்குள் ஏதாவது ஒன்றைத் தொட்டாக வேண்டும்.

நாற்பத்தாறு வயதில், அவளுக்கும் பட்டத்துக்கும் நடுவில் இந்த ஒரே ஒரு பாடம்தான் மல்லுக்கு நின்றது. இரண்டு முறை வகுப்பில் போய் உட்கார்ந்து, இரண்டு முறையும் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் தேறாவிட்டால் பெயரையே அடித்துவிடுவார்கள். அது அந்தக் கல்லூரியின் சட்டம். பட்டம் இல்லையென்றால் ஆஸ்பத்திரி பதிவேட்டுப் பிரிவில் அவள் கடைசிவரை தற்காலிக ஊழியர்தான்.

"நேர்ல போய்த்தானே ரெண்டு தடவையும் பெயிலானேன்? அந்த சார் போர்டைப் பாத்துக்கிட்டே கடகடன்னு சொல்லிட்டுப் போயிடறாரு. எனக்கோ இடது காது மந்தம். இன்னொரு தடவ சொல்லுங்க சார்னு கேட்டா, பின்னாடி பசங்க சிரிக்குதுங்க."

"முன் பெஞ்சுல உக்காரு."

"முன் பெஞ்சுலதான் உக்காந்தேன்."

கணவர் ரொட்டியைப் பிய்த்தார். ஆப்செட் அச்சு மெஷினோடு இருபத்திரண்டு வருடம் மாரடித்தவர். நாலு வண்ணமும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைப்பதில் கில்லாடி என்பதால், அச்சகத்தில் அவருக்கு 'நாலு கலர்' என்றே பெயர். வாக்குவாதத்தில் மட்டும் அந்தச் சுத்தம் அவருக்கு வராது.

"இங்க பாருங்க. மாதிரிக்கு ஒரு பாடம் போட்டிருக்காங்க. புரியலேன்னா நிறுத்தி நிறுத்திக் கேக்கலாம். இந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ரெண்டு வருஷமா என் உயிர வாங்குச்சில்ல? நேத்து ஏழு தடவ போட்டுக் கேட்டேன். எட்டாவது தடவ கேக்க வேண்டிய அவசியமே வரல."

இந்த வயதில் ஒரு கணக்கு புரிந்ததற்காகத் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறாள் என்பதை யாரிடம் சொல்வது?

"நெட்டு புடுங்கிக்கும்," என்றார் கணவர். "வீட்ல இருந்தா நீ படிக்கிற ஆளா? துணி காயல, தூசி தட்டலன்னு எந்திரிச்சுக்கிட்டே இருப்ப."

"அடுத்த மாசத்துலேருந்து எனக்கு மத்தியான ஷிப்ட். காலைல வீட்ல நான் மட்டும்தானே? ஈ காக்கா இருக்காது. நிம்மதியாப் படிப்பேன்."

கணவரின் கை தட்டிலேயே நின்றது. "காலைல முழுக்க வீட்லயா இருப்ப?"

"ஒரு மணி வரைக்கும்."

"அதெல்லாம் சரிப்படாது!" குரல் சட்டென்று உயர்ந்தது. அதே வேகத்தில் இறங்கியும் விட்டது. "இல்லம்மா, நாலு பேரோட உக்காந்தாதான் மண்டைல ஏறும். ஒம்போது மணி வகுப்ப முடிச்சிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ல?"

"மூணாவது மாடிங்க. லிப்டு கிடையாது. என் முட்டி படற பாடு உங்களுக்குத் தெரியாதா?"

"மெதுவா ஏறு. யாரு தொரத்துறா?"

அவளுக்குச் சுருக்கென்றது. முட்டி வலிக்கு ராத்திரியெல்லாம் தைலம் தேய்த்துவிடுகிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

"வேற ஏதாவது காரணம் இருக்குதாங்க?" என்று கேட்டாள். "இருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"வேற என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல."

அவள் காத்திருந்தாள். கணவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

"பிரஸ்ல எல்லாம் எப்படிப் போகுது?"

"தலைக்கு மேல வேலை. காலண்டர் சீசன் ஆரம்பிச்சிடுச்சே. இன்னிக்கு மட்டும் முப்பதாயிரம் ஷீட் ஓட்டினேன். இடுப்பு கழண்டுபோச்சு."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, முதல் வட்டத்தைத் தொட்டு, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். வகுப்பறை.

"என்ன, திடீர்னு?" என்றார்.

"நீங்க சொல்றதுதான் சரி. வீட்ல இருந்தா தூங்கிடுவேன்."

கணவர் பெருமூச்சு விட்டார். ஒரு வாரமாக இல்லாத தெளிவு அவர் முகத்தில் வந்தது. "நீ வேணா பாரு, இந்தத் தடவ பாஸாயிடுவ," என்றார்.

அவள் தலையாட்டினாள். அந்த வகுப்பில், அந்த சாரிடம், இந்தத் தடவையும் தேற மாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கண் நிறைந்துவிட்டது. தட்டை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். வீட்டு ஜன்னல்வரை வந்தவள், சத்தம் காட்டாமல் திரும்பி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வழக்கமான நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். காலை ஏழரை மணிக்கே சாப்பாடு கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய மனிதர், இதே மேஜையில் உட்கார்ந்து, ஒரு பழைய டப்பாவிலிருந்து அச்சு மையை எடுத்து நகக்கண் ஒவ்வொன்றிலும் தேய்த்துக்கொண்டிருந்தார்.