காய்ந்த பலகை

"அந்த ஜன்னல் கதவத் தூக்கினு வராதய்யா! பெயிண்ட் அடிச்ச கட்ட எதுவும் என் அடுப்புல ஏறாது."

மாடி வராந்தாவில் இரும்பு விறகடுப்பின் முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தாள் பெர்சிஸ். புயல் கடந்து ஒரு நாள் ஆகியும் ராயபுரத்தில் அவர்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கரண்ட் இல்லை. சிலிண்டரும் காலையில் தீர்ந்துவிட்டது.

கீழ் வீட்டு ஜஸீமா நான்கு மாதக் குழந்தையோடு மாடிக்கு ஏறி வந்திருந்தாள். பால்பவுடர் டப்பா கையில் இருந்தது. குடத்தில் பிடித்த மழைத் தண்ணீரும் இருந்தது. ஆனால் கொதிக்க வைக்காமல் அதைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது?

"ஏன்மே, கொழந்த கத்தினு கீது, நீ கட்டைக்கு ஜாதகம் பாத்துனு கீறியா?" என்றான் பெர்சிஸின் கணவன் டென்னிஸ். கன்டெய்னர் யார்டில் பத்து பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். வீட்டில் அந்தப் பருப்பு வேகாது.

"பெயிண்ட் எரிஞ்சா வர்றது பொகை இல்ல, வெசம். வேற கொண்டா."

யார்டிலிருந்து எப்போதோ கொண்டு வந்த, சரக்கு அடுக்கும் பேலட் கட்டையை நீட்டினான்.

"இதுல பூச்சி மருந்து போட்டுக்கீதா, இல்லியா?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"தெரியலல்ல? அப்ப வேணாம்."

வேரோடு விழுந்த முருங்கையின் கிளை வந்தது. ஈரம் என்று தள்ளிவிட்டாள்.

"வண்டிலேந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஊத்தினா பத்திக்கும்."

"அவசரத்துல அண்டாக்குள்ள கை போவாதும்பாங்க. நீ இன்னா, மூஞ்சியவே உள்ள வுடுவ போலகீது!"

"இங்க காத்து அடிக்குதேக்கா, ரூமுக்குள்ள வெச்சாச்சும் மூட்டலாமா?" என்று கெஞ்சினாள் ஜஸீமா.

"மூடின ரூம்ல அடுப்பு எரிச்சா, தூங்கினு கீற மாதிரியே எல்லாரும் போய்ச் சேந்துருவோம் ஜஸீமா. பதினெட்டு கிறிஸ்மஸா இதே அடுப்புல பலகாரம் சுடுறேன், ஒரு புள்ள மேல ஒரு பொறி பட்டதில்ல. பெயிண்ட், வார்னிஷ், மருந்து எதுவும் படாத காஞ்ச கட்ட குடுங்க. உடனே கொதிக்க வெச்சுக் காட்டுறேன்."

குழந்தையின் அழுகை முனகலாகக் குறைந்திருந்தது. அதுதான் எல்லோரையும் இன்னும் பயமுறுத்தியது. ஜஸீமாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டென்னிஸின் அப்பா ஹென்றி எழுந்தார். காசிமேட்டில் நாற்பது வருஷம் படகு கட்டிய தச்சர். தன் அறைக்குள் போனார். சற்று நேரம் ரம்பம் அறுக்கும் சத்தம். ஒரு கை நிறையப் பலகைத் துண்டுகளோடு வந்தார்.

"பத்து வருசம் காஞ்சதும்மா. வார்னிஷ்கூட படல."

இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள் பெர்சிஸ். 'ணங்' என்றது. மோந்தும் பார்த்தாள்.

"இதான் மாமா கட்ட! எங்க வெச்சினு இருந்தீங்க?"

"இருந்திச்சு. நீ மொதல்ல கொளுத்து."

பக்கத்தில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டாள். சிராய்களைக் காற்றுப் போக இடம் விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கொளுத்தினாள். புகை கண்ணை உறுத்தவே இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்து, ஆறி, பாலாகிக் குழந்தையின் வாய்க்குப் போனது. அது சப்பிக் குடிப்பதைப் பார்த்து ஜஸீமா வாய்விட்டு அழுதாள். பெர்சிஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் சொல்லல? நல்ல கட்ட இருந்தா போதும். இன்னொரு பலகை கீதா மாமா? எல்லாருக்கும் கஞ்சி வெச்சிர்றேன்."

ஹென்றி உள்ளேயிருந்து இன்னொரு பலகையை இழுத்து வந்தார். ஆள் நீளம் இருந்தது. பெயிண்ட் எதுவும் இருக்கிறதா என்று அதை வழக்கம்போலத் திருப்பிப் பார்த்த பெர்சிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபக்கத்தில் ஒரு சிலுவை. அதன் கீழே உளியால் செதுக்கிய எழுத்துகள்: 'ஹென்றி. பிறப்பு 1946. இறப்பு' — அதற்குப் பிறகு வெறும் மரம்.

"நைனா! நீ உனக்குன்னு செஞ்சு வெச்ச சவப்பொட்டியாச்சே இது!" என்று அலறினான் டென்னிஸ்.

"அதான் இன்னும் தேதி போடலியேடா," என்றபடி ஹென்றி ரம்பத்தை எடுத்தார். "நீ கஞ்சிய வெய்யிம்மா, எனக்கும் பசிக்குது."