வெளியே போகாத தொட்டில்

“கண்ணாடிப் பெட்டியைத் திறங்க, டைரக்டரய்யா. எங்க வீட்டு மரத்தொட்டில் அது!” கைக்குழந்தையோடு வந்து நின்றாள் ஜிபார்.

கிர்கிஸ்தானின் நாரின் நகர அருங்காட்சியக டைரக்டர் திலெக் அசையவில்லை. “பதிவேட்டுல ஏறியாச்சும்மா. இனி அது ஊர்ச் சொத்து. பஜார்ல புதுசு பளபளன்னு கிடைக்குதே?”

“பளபளப்பு யாருக்கு வேணும்? ஒன்பது பிள்ளைங்க நல்லா வளர்ந்த தொட்டில். நாளைக்கு இவளுக்கு நாற்பதாம் நாள், தொட்டில்ல போடுற விசேஷம். இதுலதான் கிடத்துவேன்.”

“அன்பளிப்புப் பத்திரத்துல கையெழுத்து இருக்கே?”

“போட்டவருக்கு, இனிமே குழந்தை பிறக்காதுன்னு நினைப்பு!”

திலெக் பத்திரத்தைப் பார்த்தார். ஏழு வருடங்களுக்கு முன் அவரே போட்ட கையெழுத்து.

“தொட்டில் வெளியே போகாது, ஜிபார். நம்ம பொண்ணு உள்ளே வரலாமே! நாளைக்குக் காலையில இங்கேயே விசேஷம். ஊரையே கூப்பிடு,” என்றபடி மகளை வாங்கிக்கொண்டார்.