இரண்டாவது விசில்

அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார்.

ஒரே விசில். நீளமாக.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. சிலர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, சிலர் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொண்டு.

ஓய்வுபெற்ற பஸ் தொழிலாளர் சங்கத்தில் அதுதான் வழக்கம். செத்துப்போன உறுப்பினருக்காக எழுந்து நிற்க ஒரு விசில். உட்கார இரண்டு விசில். பழைய கண்டக்டரான அவர்தான் ஊதுவார்.

இன்று இருளப்பனுக்கு.

அவருடைய டிரைவர். ஒரே தடத்தில் ஓடி இருவருக்கும் தலை நரைத்தது. இவருடைய இரண்டு விசில் காதில் விழாமல் இருளப்பன் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

போன வருஷம் இருவருக்கும் ஒரே டாக்டர் ஒரே மாதிரிதான் சொன்னார். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள் என்று. ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வரப்போவதாகப் பேச்சு இருந்தது. வந்ததும் சேர்ந்தே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

சங்கம் கேட்டதற்கு நேற்று அரசாங்கத்தின் பதில் வந்தது. கிழவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பென்ஷன் கொடுக்கவே நிதி தள்ளாடுகிறது. வைத்தியச் செலவை நீண்ட காலத்துக்குத் தாங்க முடியாது. ஆய்வு நடக்கிறது.

ஆய்வாவது நடக்கிறதே. அவர் இந்த மாடிப்படியை நின்று நின்றுதான் ஏறி வந்தார்.

யாரையும் திட்ட அவருக்குத் தெம்பில்லை. அவர்கள் கணக்கும் தப்பில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ஆள் குறையக் குறைய, அது கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டுதான் வந்தது.

செயலாளர் கையைக் காட்டினார். போதும், உட்காரலாம்.

அவர் ஊதினார்.

ஒன்று வந்தது.

இரண்டாவதற்கு மூச்சு எட்டவில்லை. வெறும் காற்றுதான் புஸ்ஸென்று போனது.

யாரும் உட்காரவில்லை. காலமெல்லாம் பஸ்ஸில் இருந்தவர்கள். ஒற்றை விசில் என்றால் அவர்களுக்கு நில் என்றுதான் அர்த்தம்.

மறுபடி ஊதப் பார்த்தார். நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. பயமாக இருந்தது.

விசிலை வேட்டி நுனியில் துடைத்தார். பக்கத்தில் நின்ற சூசையிடம் நீட்டினார். சூசை இந்த வருஷம்தான் ஓய்வு பெற்ற கண்டக்டர்.

"நீ ஊதுப்பா. அடுத்த கூட்டத்துக்கும் நீயே கொண்டாந்துரு."

சூசை கையை நீட்டவில்லை.

கூட்டம் நின்றுகொண்டே இருந்தது.